வடகனடாவில் பொருளாதார மேம்பாட்டு வேலை: எந்த நாற்காலி யாருக்கு?

பொது நிர்வாகமோ வணிகவியலோ படித்து முடித்து, டொரன்டோவில் விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்தவர்கள் ஒரு கட்டத்தில் வடக்கே திரும்பிப் பார்க்கிறார்கள். நுனாவுட், வடமேற்குப் பிரதேசங்கள், யூக்கான் என்ற மூன்று பிரதேசங்களிலும் பொருளாதார மேம்பாட்டு அலுவலர் பதவிக்கு ஆள் தேடும் விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை. சம்பளத்தைப் பார்த்தால் கண் விரிகிறது. வேலைக்கான அழைப்பு கைக்கு வந்த பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டா, வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகர் யெல்லோநைஃபா? பிரதேச அரசா, மத்திய அரசா? துணிந்து ஒரு சிற்றூருக்கே போய்விடலாமா? இப்படிக் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளத் தொகைகளை அடுத்தடுத்து எழுதிவைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். என் கணக்கில் சம்பளம் மூன்றாம் இடத்துக்குத்தான் வரும். வீடு முதலாவது, எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள் என்பது இரண்டாவது.

## எதை வைத்து எடைபோடுவது

வீடு. நுனாவுட் வேலை விளம்பரங்களைக் கடைசி வரிவரை படியுங்கள். அரசுக் குடியிருப்பு உண்டா, இல்லையா என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இக்காலுயிட்டில் தனியார் வாடகை டொரன்டோ வாடகையையே நாணவைக்கும். சிற்றூர்களில் வாடகைச் சந்தை என்ற ஒன்றே கிடையாது. அரசோ நிறுவனமோ வீடு தந்தால் இருக்கலாம், இல்லையென்றால் இல்லை. நுனாவுட்டில் வீடு இல்லாத வேலை அழைப்பை நான் அழைப்பாகவே எண்ணுவதில்லை.

கையில் நிற்கும் பணம். சம்பளத்தோடு, ஊருக்கு ஊர் மாறும் வடக்குப் படியும் வரும். வருமான வரியில் வடக்கில் வசிப்போருக்கான கழிவு உண்டு. தொடர்ந்து ஆறு மாதமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். மூன்று பிரதேசங்களும் முழுக் கழிவு மண்டலத்தில் வருவதால், நாளொன்றுக்கு 22 டாலர் வரை, ஆண்டுக்கு 8,030 டாலர் வரை, வரிக்குட்பட்ட வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஒரே வீட்டில் இருவர் கோரினால் ஆளுக்கு 11 டாலர்தான். பலர் இதை வரியிலிருந்தே கழியும் தொகை என்று நினைத்துக்கொண்டு மனக்கோட்டை கட்டுகிறார்கள், அப்படி இல்லை. விற்பனை வரி மூன்றிலும் மத்திய அரசின் 5 சதவீதம் மட்டுமே. ஆனால் நுனாவுட்டும் வடமேற்குப் பிரதேசங்களும் சம்பளத்தில் 2 சதவீதத்தை ஊதிய வரியாகப் பிடிக்கின்றன. யூக்கானில் அது இல்லை.

குடும்பம். வாழ்க்கைத் துணைக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி, அவசரத்துக்கு மருத்துவம். நுனாவுட்டின் சிற்றூர்களில் இருப்பது செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையம். பிரசவத்துக்குப் பெரும்பாலான பெண்கள் பல வாரங்களுக்கு முன்பே விமானம் ஏறி வேறு ஊருக்குப் போய்க் காத்திருக்கிறார்கள். குழந்தை பெறும் எண்ணத்தில் இருக்கும் தம்பதியர் இதைக் கணக்கில் சேர்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

காலம். ஓராண்டா, மூன்றாண்டா? இதற்கு நேர்மையான விடை உங்களிடம் இருந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

அது யாருக்கான இடம்? இதைக் கேட்பவர்கள் குறைவு. வடக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களோடு அரசு 1993இல் கையெழுத்திட்ட நுனாவுட் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கு அரசு வேலைகளிலும் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே வாழ்பவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் இனுயிட் மக்கள். பிரதேச அரசு ஊழியர்களில் அவர்கள் சுமார் பாதிதான். எனவே ஆளெடுப்பில் அவர்களுக்கே முன்னுரிமை. வெளியிலிருந்து வருபவர் காலி இடத்தை நிரப்ப வருகிறார். அந்த நாற்காலிக்கு உரியவரைத் தயார்படுத்துவதும் அவர் வேலையில் சேர்த்தி. இது உறுத்துகிறது என்றால் தொலைவில் இருப்பதே நல்லது.

## ஒன்று: சிற்றூர் மன்ற அலுவலர்

நுனாவுட்டில் 25 ஊர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது. தலைநகர் இக்காலுயிட் நீங்கலாக மற்றவற்றை ஹாம்லெட் எனப்படும் சிற்றூர் மன்றங்கள் நிர்வகிக்கின்றன. பிரதேச அரசு தரும் நிதியுதவியில் இம்மன்றங்கள் ஆளுக்கொரு பொருளாதார மேம்பாட்டு அலுவலரை வைத்துக்கொள்கின்றன. எல்லா நாற்காலிகளிலும் இதுதான் மிகச் சுவையான வேலை என்பேன். பெரும்பாலோருக்குப் பொருந்தாத வேலையும் இதுதான்.

ஒரு தையல் கலைஞரை எடுத்துக்கொள்வோம். கடல்நாய்த் தோலில் மேலங்கி தைப்பவர். கனமான தோலைத் தைக்க ஒரு தொழில்முறைத் தையல் இயந்திரம் வேண்டும். செப்டம்பரில் உங்களிடம் வருகிறார். விலைப்பட்டியல் வாங்கி, தொழில் திட்டம் எழுதி, விண்ணப்பத்தை அனுப்புகிறீர்கள். நவம்பரில் அனுமதி கிடைக்கிறது. அரசின் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். கனமான சரக்கைக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டுவரும் கப்பலோ, கடல் உருகிய பிறகு ஜூலை தொடங்கி அக்டோபர் வரைதான் வரும். சீலிஃப்ட் என்று அங்கே எல்லோரும் சொல்லும் அந்தக் கப்பலைத் தவறவிட்டால் விமானச் சரக்குதான் வழி; பல நேரங்களில் இயந்திரத்தின் விலையோடு சரக்குக் கட்டணம் போட்டிபோடும். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காத பணமோ திரும்பிப் போய்விடும். நிதியாண்டை வகுத்தவர்கள் கடல் பனிக்கட்டியைக் கேட்டு வகுக்கவில்லை.

ஊரை அறிந்த அலுவலர் இதையே தலைகீழாகச் செய்வார். குளிர்காலத்தில் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்வார். மார்ச்சுக்குள் விலைப்பட்டியல்கள் தயார். ஏப்ரலில் புது நிதி திறந்ததும் விண்ணப்பம் முதல் ஆளாகப் போய்ச் சேரும். கப்பலுக்கான முன்பதிவுக் கெடு முடிவதற்குள் பொருள் துறைமுகத்தில் இருக்கும். இந்தச் சுழற்சியை ஒரு முறையாவது கோட்டைவிட்டால்தான் முழுதாக விளங்கும். அதாவது பெரும்பாலும் முதலாண்டில் உங்களால் ஊருக்குப் பெரிய பயன் இராது. பயன் தொடங்குவது இரண்டாம் ஆண்டில். ஓராண்டில் மூட்டை கட்டுகிறவர் தன் அனுபவச் சான்றிதழோடு போய்விடுகிறார். அவருக்குப் பின் வருபவர் அதே தையல் கலைஞரிடம் அதே கேள்விகளை மறுபடியும் கேட்கிறார். மூன்றாவது ஆளும் வந்து கேட்டால், அந்த அம்மையார் விண்ணப்பமே போடமாட்டார்.

இன்னொன்று. சிற்றூர்களில் பெரும்பாலோர் அரசின் பொது வீட்டுவசதித் திட்டத்தில் குடியிருக்கிறார்கள். வாடகை வருமானத்துக்கேற்ப ஏறும். தொழிலைப் பதிவு செய்து வருமானம் காட்டினால் வாடகையும் கூடும் என்று ஒருவர் தயங்குகிறார் என்றால் அது சோம்பல் அல்ல, சரியான கணக்கு. அந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

அரசின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவர்மீது சந்தேகப் பார்வை விழுந்தால் அதற்கும் காரணம் உண்டு. 1953இல் வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களை நல்ல வேட்டை கிடைக்கும் என்று சொல்லி, உயர் ஆர்க்டிக்கில் கிரீஸ் ஃபியோர்ட், ரெசொலூட் ஆகிய இடங்களில் அரசு கொண்டுபோய் இறக்கியது. மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 'பொருளாதார வாய்ப்பு' என்ற சொல்லை அவர்கள் முன் உச்சரிக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை.

மறைமுகச் செலவுகள் பல. பிரதேச அரசு ஊழியர்கள் மத்திய அரசுப் பணியாளர் ஓய்வூதியத் திட்டத்திலேயே சேர்கிறார்கள். சிற்றூர் மன்ற ஊழியர்களுக்குப் பொதுவாக வேறு திட்டம், நெப்ஸ் எனப்படும் வடக்கு ஊழியர் நல அமைப்பின் வழியாக. பின்னாளில் அரசு வேலைக்குத் தாவ எண்ணுபவர்கள், சேர்த்த ஓய்வூதியம் என்ன ஆகும் என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அலுவலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்பதால் விடுப்பில் போனால் கோப்பு அப்படியே கிடக்கும். ஆகஸ்டில் உல்லாசக் கப்பல் வந்தால் அதற்கு வரவேற்பு ஏற்பாடும் உங்கள் தலையில்தான். பெரியவர்களிடம் பேச, இனுயிட் மொழியான இனுக்டிடுட் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தெரிந்தவர் வீட்டுப் பையன் உதவுவான் என்று அதை விட்டுவிடாதீர்கள், வேலைக்கு உரிய கூலி கொடுத்து அமர்த்துங்கள்.

யாருக்குப் பொருந்தும்? இரண்டாண்டுக்குக் குறையாமல் இருக்க உறுதியானவர்களுக்கு. தனியாள் என்றால் எளிது. தம்பதியரில் ஒருவர் செவிலியராகவோ ஆசிரியராகவோ இருந்தால் இன்னும் எளிது. அவர்களுக்கான பணியிடங்களில் குடியிருப்பும் சேர்ந்துவரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குடும்பம் முதலில் செவிலியர் வேலையை உறுதிசெய்துகொண்டு, பிறகு மற்றவருக்கு மன்றத்தில் வேலை தேடுவதே புத்திசாலித்தனம். நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிச் செய்கிறார்கள்.

## இரண்டு: நுனாவுட் பிரதேச அரசு

இக்காலுயிட்டில் தலைமையகம், ராங்கின் இன்லெட், கேம்பிரிட்ஜ் பே போன்ற வட்டார மையங்களிலும் அலுவலகங்கள். இங்கே மக்களைவிடக் கோப்புகளோடு பழக்கம் அதிகம். சிறுதொழில் உதவி விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது, உள்ளூர் நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தங்களில் முன்னுரிமை தரும் கொள்கையை நடைமுறைப்படுத்துவது, மீன்பிடி, கைவினை, சுரங்கம் ஆகியவற்றுக்கான திட்டங்களைத் தீட்டுவது.

ஒரே ஒரு துறையைப் பார்த்தாலே இந்த நாற்காலியின் பலமும் பலவீனமும் தெரியும். பாங்னிர்டுங் ஊரில் குளிர்காலத்தில் கடல்பனியில் துளையிட்டு, நீண்ட கயிற்றுத் தூண்டில் இறக்கி டர்பட் மீன் பிடிக்கிறார்கள். ஊரிலேயே மீன் பதனிடும் ஆலை இருக்கிறது. 2013இல் சிறு படகுத் துறைமுகம் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குப் பணம் சேர்த்து, ஒட்டாவாவோடு பேசி முடிப்பது இந்த மட்டத்தில் நடக்கும் வேலை. சிற்றூர் அலுவலர் கையெழுத்துக்கு அந்த வலு இல்லை. ஆனால் அந்த ஆண்டு பனி பிந்தி உறைந்ததா, யாருடைய தூண்டில் போயிற்று என்பது இக்காலுயிட் மேசைக்கு வந்துசேரும்போது காலம் கடந்திருக்கும்.

இன்னொரு கவர்ச்சி, காலம் கனிந்திருப்பது. நிலமும் கனிம வளமும் மத்திய அரசின் கையிலிருந்து பிரதேசத்துக்கு மாறும் உடன்படிக்கை 2024 ஜனவரி 18இல் இக்காலுயிட்டில் கையெழுத்தானது. அதிகாரம் கைமாற வேண்டிய நாள் 2027 ஏப்ரல் 1. ஒரு நிர்வாகம் பொறுப்பேற்பதை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.

மறைமுகச் செலவு என்றால் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். குடியிருப்பு ஒதுக்கீடு சிறியதாக இருக்கலாம்; வேலையை விட்டால் வீடும் போகும். இக்காலுயிட்டில் 2021 அக்டோபரில் குழாய் நீரில் எரிபொருள் கலந்திருப்பது தெரியவந்து, வாரக்கணக்கில் யாரும் அதைக் குடிக்க முடியவில்லை. தலைநகரிலேயே இந்த நிலை. ஒட்டாவாவிலிருந்து மூன்று மணி நேர விமானப் பயணம் என்பது தெம்பாகத்தான் இருக்கும், டிக்கெட் விலையைப் பார்க்கும்வரை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை சீலிஃப்டில் வாங்கிக் குவித்துவிடலாம். கறிவேப்பிலைக்கு ஊரிலிருந்து வருபவர் பெட்டிதான் கதி.

கொள்கை வகுப்பதில் ஆர்வமும், ஓய்வூதியத்தோடு கூடிய அரசு வாழ்க்கையில் நாட்டமும் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். வீடு உறுதியானால் மட்டும்.

## மூன்று: மத்திய அரசின் கான்நோர்

கான்நோர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கனடிய வடக்குப் பொருளாதார மேம்பாட்டு முகமை 2009இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் இக்காலுயிட்டில்; யெல்லோநைஃப், யூக்கானின் தலைநகர் வைட்ஹார்ஸ், ஒட்டாவா ஆகிய இடங்களிலும் அலுவலகங்கள். மூன்று பிரதேசங்களுக்கும் நிதி வழங்குவதும், பெரிய திட்டங்கள் கடக்க வேண்டிய அனுமதிகளை ஒருங்கிணைப்பதும் இதன் பணி.

பதவிப் பாதுகாப்பில் இதற்கு ஈடில்லை என்பார்கள். தொலைதூரப் பணியிடங்களுக்கான படிகள் தேசிய அளவிலான ஒரே விதித்தொகுப்பின்படி கணக்கிடப்படுவதால், எவ்வளவு வரும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளலாம். நாளை தெற்கே திரும்ப நினைத்தால் வேறொரு துறைக்கு மாற்றல் கேட்கலாம்; சேவைக்காலம் அறுபடாது. என் குறை ஒன்றுதான். இங்கே நீங்கள் பணம் தருபவர். அந்தப் பணத்தால் என்ன நடந்தது என்பதை அறிக்கையில்தான் படிப்பீர்கள். ஊர்களுக்குப் போவது உண்டு, ஆனால் வானிலை பார்த்து ஓடிப் போய் வரும் பயணங்கள். வடக்கை அறியவே வடக்குக்குப் போகிறேன் என்பவருக்கு இந்த நாற்காலி ஏமாற்றம் தரும். ஏற்கெனவே மத்திய அரசில் இருப்பவருக்கோ, தெற்கே திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும் என்பவருக்கோ இதைவிட நல்லது இல்லை.

## நான்கு: யெல்லோநைஃப் அல்லது வைட்ஹார்ஸ்

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். இரண்டிலும் மரம் இருக்கிறது, சாலை இருக்கிறது, வாழ்க்கைத் துணைக்கு வேலை தேடச் சந்தை என்ற ஒன்று இருக்கிறது. அரசு வீட்டை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சொந்தமாகத்தான் பிடிக்க வேண்டும், விலையும் குறைவல்ல.

வடமேற்குப் பிரதேசங்களில் 33 ஊர்கள். மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் யெல்லோநைஃபில். 2012இல் டெ சோ பாலம் திறந்த பிறகு அந்நகருக்கு ஆண்டு முழுவதும் தடையில்லாச் சாலை. ஆனால் அங்கே பொருளாதார மேம்பாட்டு அலுவலராகப் போகிறவர் ஒரு சரிவின் நடுவே போய் அமர்கிறார். 1998இல் எக்காட்டி சுரங்கத்தில் தொடங்கிய வைரக் காலம் முடிவை நெருங்கிவிட்டது. டயாவிக் சுரங்கம் 2026இல் உற்பத்தியை நிறுத்தத் திட்டமிட்டது. அடுத்து என்ன என்பதற்கு யாரிடமும் ஆயத்த விடை இல்லை. வேலையின் சுவையும் அதுதான், மன அழுத்தமும் அதுதான். இயற்கையும் சும்மா விடுவதில்லை. 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ காரணமாக யெல்லோநைஃப் நகரமே காலிசெய்யப்பட்டது. 2024இல் மெக்கன்சி ஆற்றில் நீர் வற்றி, நார்மன் வெல்ஸ் போன்ற ஊர்களுக்குச் சரக்குப் படகே போகவில்லை. சாலையில்லா ஊரில் ஒரு கோடை சரக்கு வராவிட்டால் நீங்கள் எழுதிய மேம்பாட்டுத் திட்டம் அலமாரிக் காகிதம்.

யூக்கான் வேறு கதை. விமானத்தில் மட்டுமே போக முடிகிற ஊர் ஓல்ட் க்ரோ ஒன்றுதான். 14 முதற்குடி இனங்களில் 11 தமக்கென சுயாட்சி அரசுகளை வைத்திருக்கின்றன. அவற்றுக்குச் சொந்தமான மேம்பாட்டு நிறுவனங்கள் விடுதி, கட்டுமானம், முதலீடு என்று இயங்குகின்றன. எனவே அங்கே பிரதேச அலுவலர் பேசுவது மனுதாரரோடு அல்ல, இன்னொரு அரசோடு. இதைப் புரிந்துகொள்ளாமல் 'உதவி செய்ய வந்திருக்கிறேன்' என்ற தோரணையில் போனால் முதல் கூட்டத்திலேயே முகம் சுண்டிவிடும். 2024 ஜூனில் ஈகிள் தங்கச் சுரங்கத்தில் தாதுக் குவியல் சரிந்து சயனைடு கலந்த நீர் வெளியேறிய பிறகு, சுரங்கம் என்ற சொல்லே அங்கே கவனமாகப் பேச வேண்டிய ஒன்றாகிவிட்டது.

## ஒரே பார்வையில்

| | சிற்றூர் மன்றம் | நுனாவுட் அரசு | கான்நோர் | யெல்லோநைஃப் / வைட்ஹார்ஸ் |
|---|---|---|---|---|
| வீடு | எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் | பதவிக்குப் பதவி மாறும் | ஊரைப் பொறுத்தது | சொந்த முயற்சி |
| ஓய்வூதியம் | தனித் திட்டம் | மத்தியத் திட்டம் | மத்தியத் திட்டம் | மத்தியத் திட்டம் |
| 2% ஊதிய வரி | உண்டு | உண்டு | ஊரைப் பொறுத்தது | யெல்லோநைஃபில் உண்டு, வைட்ஹார்ஸில் இல்லை |
| மக்களோடு நெருக்கம் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | நடுத்தரம் |
| கையெழுத்தின் வலு | குறைவு | அதிகம் | மிக அதிகம் | அதிகம் |
| துணைக்கு வேலை | செவிலியர், ஆசிரியர் என்றால் உண்டு | ஓரளவு | ஊரைப் பொறுத்தது | எளிது |
| குறைந்தபட்சம் தங்க வேண்டியது | 2 ஆண்டு | 2 ஆண்டு | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை |

## கையெழுத்துக்கு முன் தொலைபேசியில்

நேர்காணல் முடிந்து 'உங்களுக்கு ஏதும் கேள்வி உண்டா' என்பார்கள். நம்மவர்கள் மரியாதைக்கு 'இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த மரியாதையை வேறு இடத்தில் காட்டுங்கள். வீட்டுக்கு எத்தனை அறை, வாடகை எவ்வளவு, நான் சேரும் நாளில் அது காலியாக இருக்குமா என்று கேளுங்கள். விடையை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுச் சாமான் கொண்டுவர எத்தனை கிலோவுக்குச் செலவு தருவீர்கள், ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பீர்களா என்பதையும் விடாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை முறை தெற்கே போய்வர டிக்கெட் தருவார்கள், துணைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தா என்பது அடுத்தது.

சேரும் தேதியில் பேரம் பேச இடமிருந்தால், சிற்றூர் வேலைக்குப் போகிறவர் ஜனவரி அல்லது பிப்ரவரியைக் கேட்டுப் பெறலாம். இருட்டும் குளிரும் உச்சத்தில் இருக்கும் மாதங்கள் என்பதால் யாரும் அதை விரும்பிக் கேட்பதில்லை. மன்றத்தாருக்கே வியப்பாக இருக்கும். ஆனால் அப்போது சேர்ந்தவரால், சேர்ந்த சில மாதங்களிலேயே ஏப்ரல் நிதிக்கும் ஜூலை கப்பலுக்கும் விண்ணப்பம் தயாரிக்க முடியும். செப்டம்பரில் சேர்ந்தால் அந்த ஆண்டின் இரண்டும் ஏற்கெனவே கைநழுவியிருக்கும்.